பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: செல்லின் சர்க்கரையை வைரஸ் அடையாளம் காணும் விதம்

1941-இல் நியூயார்க்கில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற மருத்துவர் கோழிக்கருவுக்குள் ஃப்ளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். கருவைச் சுற்றியுள்ள திரவத்தை எடுக்கும்போது ஒரு ரத்தக்குழாய் கிழிந்து, கொஞ்சம் ரத்தம் அதில் கலந்துவிட்டது. அந்தச் சிவப்பணுக்கள் திரவத்தில் பரவி மிதக்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகச் சேர்ந்தன. வைரஸ் ஏற்றாத முட்டையின் திரவத்தில் அப்படி நடக்கவில்லை.

ஹர்ஸ்ட் அதோடு விடவில்லை. அந்தக் கட்டிகளை உடல் வெப்பநிலையில் சில மணிநேரம் வைத்தார். அவை தாமாகவே பிரிந்தன. பிரிந்து வந்த வைரஸ் பழைய வலுவோடு இருந்தது. புதிய சிவப்பணுக்களைக் கொடுத்தால் மறுபடியும் கட்டியாக்கியது. ஆனால் ஒருமுறை ஒட்டிப் பிரிந்த சிவப்பணுக்களை மட்டும் அதே வைரஸால் மறுபடி ஒட்டவைக்க முடியவில்லை.

அப்படியென்றால், வைரஸ் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்று சிவப்பணுவின் மேல் இருக்கிறது. பற்றிக்கொண்ட வைரஸே பிறகு அதை அழித்துவிட்டும் போகிறது. அந்தப் பொருள் ஒரு சர்க்கரை என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஃப்ளூவைப் பற்றிப் படிக்கும்போது நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். வைரஸ் செல்லை எப்படிப் பிடிக்கிறது என்று எல்லோரும் கேட்கிறோம். எப்படி விடுகிறது என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியம்.

முதலில் அந்தச் சர்க்கரையைப் பார்த்துவிடலாம். நம் உடம்பில் எந்தச் செல்லும் வெற்று மேனியோடு இருப்பதில்லை. வெளிச்சவ்வில் உள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் முளைத்திருக்கின்றன, புல்வெளி போல. நாம் ரத்த வகை என்று சொல்வதே இந்தச் சங்கிலியின் நுனியைத்தான். ஏ வகைக்காரருக்கு நுனியில் ஒரு சர்க்கரை, பி வகைக்காரருக்கு வேறொன்று, ஓ வகைக்காரருக்கு அந்தக் கடைசிச் சர்க்கரையே இருக்காது. இப்படிச் சங்கிலிகளின் நுனியில் பரவலாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு சர்க்கரைதான் சியாலிக் அமிலம். குளுக்கோஸில் 6 கார்பன் அணுக்கள் என்றால் இதில் 9. அதோடு எதிர்மின்னூட்டமும் உண்டு. ஸ்வீடனில் குன்னார் பிளிக்ஸ் 1936-இல் பசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சளியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பெயரில் உள்ள 'சியாலோஸ்' என்பது உமிழ்நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

சியாலிக் அமிலத்துக்கு அடுத்து சங்கிலியில் பெரும்பாலும் கேலக்டோஸ் இருக்கும். இரண்டும் எந்த இடத்தில் இணைகின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கேலக்டோஸின் 3-ஆவது கார்பனில் இணைந்தால் சங்கிலியின் நுனி நீட்டி நிமிர்ந்து நிற்கும். 6-ஆவது கார்பன் வளையத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பது. அதில் இணைந்தால் சுழல்வதற்குக் கூடுதலாக ஒரு பிணைப்பு கிடைக்கிறது, சங்கிலி மடங்கி வளைய முடிகிறது. சர்க்கரைகள் அவையேதான், இணைந்த மூலைதான் வேறு. வாத்தின் குடலில் நீட்டி நிற்கும் வகை நிறைய. மனிதனின் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் மடங்கும் வகை அதிகம். பறவைக்கான ஃப்ளூவையும் மனிதனுக்கான ஃப்ளூவையும் பிரித்துவைக்கும் வேலிகளில் முக்கியமானது இந்த ஒரு மூலை.

இதைப் பிடிக்கும் கைக்கு ஹீமக்ளுட்டினின் என்று பெயர். ரத்தத்தைக் கட்டியாக்குவது என்று பொருள். ஹர்ஸ்ட் பார்த்ததே பெயராக நின்றுவிட்டது. எச்1என்1 என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதில் வரும் 'எச்' இதுதான். வைரஸின் மேல் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் புரதத்தின் அடிவால் வைரஸின் கொழுப்புச் சவ்வுக்குள் புதைந்திருக்கிறது. சவ்வில் புதைந்த புரதத்தை அப்படியே படிகமாக்குவது பெரும்பாடு. அதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்திய வழி அன்னாசிப்பழச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் ப்ரோமிலைன் என்ற நொதி. அது முள்ளை அடிவாலுக்குச் சற்று மேலே வெட்டிவிடும். வெட்டிய முள் தண்ணீரில் கரையும், படிகமாகும். இப்படிக் கிடைத்த படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, இயன் வில்சன், ஜான் ஸ்கெஹல், டான் வைலி மூவரும் 1981-இல் இதன் முழு வடிவத்தை வெளியிட்டார்கள். 1968-இல் ஹாங்காங் ஃப்ளூவாகப் பரவிய வைரஸின் முள் அது. நீளம் 13.5 நானோமீட்டர். ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் முறுக்கிச் சேர்ந்த தண்டு, அதன் மேல் மூன்று உருண்டைத் தலைகள். ஒவ்வொரு தலையின் உச்சியிலும் ஒரு சின்னப் பள்ளம்.

1988-இல் சியாலிக் அமிலம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதையே படிகத்தில் பார்க்க முடிந்தது. பள்ளத்தின் தரையில் டைரோசின் 98, டிரிப்டோஃபேன் 153 என்ற இரண்டு தட்டையான அமினோ அமிலங்கள் விரிந்திருக்கின்றன (எண், புரதச் சங்கிலியில் அதன் இடம்). சர்க்கரையின் ஒரு பக்கத்தில் உள்ள மெத்தில் தொகுதி டிரிப்டோஃபேனின் மேல் படிகிறது. வால் போல நீளும் பகுதியின் ஹைட்ராக்சில் தொகுதிகளை டைரோசினும் ஹிஸ்டிடின் 183-உம் குளுட்டமிக் அமிலம் 190-உம் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கின்றன. எதிர்மின்னூட்டம் உள்ள அமிலப் பகுதிக்கும் பள்ளத்தின் விளிம்பில் பிடிமானம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில், வேலை செய்வது பத்துக்கும் குறைவான விரல்கள்.

வைரஸ் என்றதும் இரும்புப் பிடியாக இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் இந்தப் பிடி மிகவும் பலவீனமானது. கரைசலில் ஒரு லிட்டருக்கு 2, 3 மில்லிமோல் சர்க்கரை இருந்தால்தான் பாதிப் பள்ளங்களாவது நிரம்பும். நல்ல நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்று தன் இலக்கைப் பிடிக்க இதில் லட்சத்தில் ஒரு பங்கு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். தனியாக ஒரு முள் ஒரு சர்க்கரையைப் பிடித்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நழுவிவிடும்.

தரிசு நிலத்தில் நடந்து வந்தவர்களுக்கு ஒட்டுப்புல் தெரிந்திருக்கும். ஒரு விதை வேட்டியில் ஒட்டினால் தட்டினாலே போய்விடும். கரை முழுக்க ஒட்டினால் உட்கார்ந்து பிடுங்க வேண்டியதுதான். ஃப்ளூ வைரஸின் மேல் சுமார் 300 முட்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பள்ளங்கள். ஒன்று நழுவும்போது பக்கத்தில் பத்துப் பிடித்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத பிடிகள் சேர்ந்து வைரஸைச் செல்லின் மேல் நிறுத்திவிடுகின்றன.

சரி, பரிணாமம் ஏன் ஒரே ஒரு வலுவான பிடியைக் கொடுக்கவில்லை? விடை நம் மூக்குச் சளியில் இருக்கிறது. சளியில் உள்ள மியூசின் புரதங்கள் முழுக்கச் சியாலிக் அமிலம். உடல் வைரஸுக்கு வைத்திருக்கும் பொய்ச் செல் என்றே அதைச் சொல்லலாம். கெட்டியாகப் பிடிக்கும் வைரஸ் அந்தச் சளியிலேயே மாட்டிக்கொண்டு, தும்மலோடு வெளியேறும் அல்லது வயிற்றுக்குள் போய்ச் சேரும். செல்லைத் தொடவே தொடாது. லேசாகப் பிடித்து, விட்டு, இன்னொன்றைப் பிடித்து நகரும் வைரஸ்தான் சளியைத் தாண்டும்.

விடும் வேலையைப் பார்ப்பது இன்னொரு புரதம், நியூராமினிடேஸ். எச்1என்1-இல் வரும் 'என்' இது. ஹர்ஸ்ட் கண்ட 'அழித்துவிட்டுப் போவது' இதனுடைய செயல். நான்கு தலைகள் சேர்ந்த காளான் போன்ற வடிவம். இதன் பள்ளம் ஆழமானது. சியாலிக் அமிலத்தை உள்ளே வாங்கி, சங்கிலியிலிருந்து கத்தரித்துவிடும். சளியைத் தாண்டுவதற்கு மட்டுமில்லை, கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கும் இது வேண்டும். செல்லுக்குள் பெருகி மொட்டுவிட்டு வெளிவரும் புது வைரஸ்கள், அதே செல்லின் சர்க்கரையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கத்தரி இல்லையென்றால் ஒன்றோடொன்று பின்னிக் கொத்தாக அங்கேயே கிடக்கும். அதனால் முள்ளின் பிடியும் கத்தரியின் வேகமும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். பிடி கூடினால் கத்தரியும் கூட வேண்டும். ஒன்றில் மாற்றம் வந்த வைரஸில் மற்றதிலும் ஈடுகட்டும் மாற்றம் வருவதை ஆய்வகங்களில் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கத்தரியின் வடிவம் 1983-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன் குழுவினரால் தெரியவந்தது. அதன் பள்ளத்தைப் பார்த்து, அதில் போய் அடைத்துக்கொள்ளும்படி வடிவமைத்த மருந்துதான் சனாமிவிர். அடுத்து வந்த ஒசெல்டாமிவிரை நாம் டாமிஃப்ளூ என்ற பெயரில் அறிவோம். வைரஸ் செல்லுக்குள் நுழைவதை இவை தடுப்பதில்லை. வெளியேறிப் பரவுவதைத்தான் தடுக்கின்றன. காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன் என்று மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான். டாமிஃப்ளூவைத் தயாரிக்க மூலப்பொருளாக இருந்த ஷிகிமிக் அமிலத்தை எடுத்தது, பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து. பழ அன்னாசிக்கும் இந்தப் பூவுக்கும் செடியளவில் எந்த உறவும் கிடையாது. தமிழில் மட்டும் பெயரால் சொந்தமான இரண்டு செடிகள், ஒன்று வைரஸின் கையை நமக்குக் காட்டியது, இன்னொன்று அதன் கத்தரியை மடக்கியது. அதற்காக அன்னாசிப்பூக் கஷாயம் ஃப்ளூவுக்கு மருந்து ஆகிவிடாது. அதிலுள்ள அமிலம் பல வேதியியல் படிகளைத் தாண்டிய பிறகுதான் மருந்தாகிறது.

முள்ளின் பள்ளத்துக்கே திரும்புவோம். பள்ளத்தின் தரை மாறினால் சர்க்கரையைப் பிடிக்க முடியாது, வைரஸ் செத்தது. எனவே தரை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிய விளிம்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. நம் நோய் எதிர்ப்புப் புரதம் அந்தச் சின்னப் பள்ளத்தைவிடப் பெரியது. தரையைத் தொட முயன்றாலும் அதன் பிடியில் பெரும்பங்கு விளிம்பில்தான் விழும். விளிம்பில் ஒரு அமினோ அமிலம் மாறினால் போன ஆண்டின் எதிர்ப்பு இந்த ஆண்டு பிடிப்பதில்லை. 1968 முதல் 2003 வரை எச்3என்2 ஃப்ளூ நம் எதிர்ப்பிலிருந்து நழுவிய பெரிய தாவல்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்தபோது, அவற்றுக்குக் காரணமான மாற்றங்கள் வெறும் 7 இடங்களில் நிகழ்ந்திருந்தன. ஏழும் இந்தப் பள்ளத்தை ஒட்டியவை. ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் இந்தச் சில நானோமீட்டர் பரப்பில் பிறக்கிறது.

தடுப்பூசித் தயாரிப்பிலும் இதே பள்ளம் குறுக்கே வருகிறது. முட்டையில் வைரஸை வளர்க்கும்போது, கோழிக்கருவின் சர்க்கரை நீட்டி நிற்கும் வகையாக இருப்பதால், மனித வைரஸ் அதற்கேற்பத் தன் பள்ளத்தருகே மாறிக்கொள்ளும். சில ஆண்டுகளில் அந்த மாற்றமே தடுப்பூசியின் பலனைக் குறைத்திருக்கிறது. முட்டை இல்லாமல் செல் வளர்ப்பில் தடுப்பூசி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வேலியைத் தாண்டும் கதை. 1983-இல் ஜேம்ஸ் பால்சனின் குழு ஒன்றைக் காட்டியது. ஹீமக்ளுட்டினினின் 226-ஆவது இடத்தில் லூசின் இருந்தால் வைரஸுக்கு மடங்கிய சர்க்கரை பிடிக்கிறது. அதே இடத்தில் குளுட்டமின் இருந்தால் நீட்டிய சர்க்கரை பிடிக்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலம். லூசின் நீரை விலக்கும் தன்மை உள்ளது. மடங்கிய சர்க்கரை தன் கொழுப்புத்தன்மை உள்ள பக்கத்தை அதனிடம் காட்டுகிறது. குளுட்டமினோ ஹைட்ரஜன் பிணைப்பை நாடுவது. நீட்டிய சர்க்கரை தன் ஆக்சிஜன் அணுக்களை அதன் பக்கம் திருப்புகிறது. 1957, 1968 கொள்ளைநோய்களில் பறவை முள் மனித முள்ளானபோது 226-உம் 228-உம் மாறியிருந்தன. 1918-இன் வைரஸில் வழி வேறு. அங்கே 190, 225 என்ற இடங்கள்.

1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. இவ்வளவு கொடிய வைரஸ் ஏன் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் பரவவில்லை? நீட்டிய வகைச் சர்க்கரை மனிதனிடமும் இருக்கிறது, ஆனால் நுரையீரலின் ஆழத்தில், காற்றுப்பைகளின் பக்கம். அங்கே போய்ச் சேர்ந்த வைரஸ் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். மூக்கிலும் தொண்டையிலும் பிடிமானம் குறைவு, அதனால் தும்மலில் கிளம்பிப் பக்கத்து ஆளை எட்டுவது கடினம். கொடுமைக்கும் பரவாமைக்கும் காரணம் ஒன்றேதான்.

2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. மாட்டுக்கு ஃப்ளூவா என்று துறைசார்ந்தவர்களே திகைத்தார்கள். தொற்று இருந்த இடம் மூக்கு அல்ல, மடி. பால் சுரப்பியின் செல்களில் நீட்டிய சர்க்கரை ஏராளமாக இருப்பதும், மனித வகைச் சர்க்கரையும் கூடவே இருப்பதும் அப்புறம் தெரியவந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மாட்டு வைரஸின் ஹீமக்ளுட்டினினில் 226-ஆவது இடத்தில் மட்டும் குளுட்டமினை லூசினாக மாற்றினால் போதும், அது மனித வகைச் சர்க்கரையைப் பிடிக்கத் தொடங்குகிறது என்றது. பழைய எச்5 வகைகளுக்கு இதற்குப் பல மாற்றங்கள் தேவைப்பட்டன. உயிருள்ள வைரஸைத் தொடாமல், தனிப் புரதத்தை மட்டும் வைத்துச் செய்த சோதனை இது. எழுதியவர்களின் பட்டியலில் 1981-இன் இயன் வில்சனும் 1983-இன் ஜேம்ஸ் பால்சனும் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக அதே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர். இதைப் படித்தபோது எனக்குப் பயமும் மரியாதையும் ஒருசேர வந்தன.

பயத்துக்கு ஓர் எல்லையும் சொல்ல வேண்டும். சர்க்கரையைப் பிடித்துவிட்டால் மட்டும் கொள்ளைநோய் ஆகிவிடாது. மனிதச் செல்லுக்குள் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதி சரியாக வேலை செய்ய வேண்டும், காற்றில் மிதக்கும்போது முள் சிதையாமல் இருக்க வேண்டும், கத்தரியின் ஈடும் வேண்டும். 226 பல பூட்டுகளில் ஒன்று. அதைக் கண்காணிப்பது எளிது என்பதால்தான், புதிய எச்5 வைரஸ் ஒன்றின் மரபு வரிசை கைக்கு வந்ததும் ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்றாக இருக்கிறது.

ஃப்ளூ மட்டும்தான் சர்க்கரையைத் தேடுகிறது என்றில்லை. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் ரத்த வகைச் சர்க்கரைகளைப் பிடிக்கிறது. அந்தச் சர்க்கரையைக் குடலில் வெளிப்படுத்தாத மரபுடையவர்களை அதன் சில வகைகள் தொற்றுவதே இல்லை. நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ளது குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸ்.

ரோட்டா வைரஸின் முள்ளைக் குடலில் உள்ள டிரிப்சின் நொதி இரண்டாக வெட்டும். குரங்கைத் தொற்றும் வகை ஒன்றில் அந்தத் தலைப்பகுதியின் வடிவம் 2002-இல் வெளிவந்தபோது அது கேலக்டின் என்ற புரதத்தை அச்சாக ஒத்திருந்தது. கேலக்டின் நம் உடம்பிலேயே சர்க்கரையைப் பிடிக்க இருக்கும் புரதம். என்றோ ஓர் உயிரிடமிருந்து வைரஸ் இதை வாங்கிக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்தக் குரங்கு ரோட்டா வைரஸின் தலையில் சியாலிக் அமிலம் உட்கார்ந்திருந்தது. 2012-இல் பி[14] என்ற மனித வகையில் பார்த்தபோது, அதே இடத்தில் ஏ ரத்த வகையின் சர்க்கரை இருந்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்தது ஜி10பி[11] என்ற வகையை. ஏறக்குறைய பச்சிளம் குழந்தைகளிடம் மட்டுமே காணப்படும் வகை இது. சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும், பல குழந்தைகளுக்கு எதுவுமே வராது. பி[11] தலை மாடுகளின் ரோட்டா வைரஸிலிருந்து வந்தது. மாட்டிலிருந்து வந்த ஒன்று ஏன் பிறந்த குழந்தையிடம் மட்டும் நிற்கிறது? விதவிதமான சர்க்கரைச் சங்கிலிகள் பதித்த தகடுகளில் அந்தத் தலைப்புரதத்தைச் சோதித்தபோது, அது பிடித்தது சியாலிக் அமிலத்தையும் அல்ல, ஏ, பி நுனிகளையும் அல்ல. அந்த நுனிகள் சேர்வதற்கு முன்னால் இருக்கும் வெறும் சங்கிலியை அது பிடித்தது. கருவிலும் பிறந்த புதிதிலும் நம் சிவப்பணுக்களில் இந்தச் சங்கிலி கிளையில்லாமல் நீளமாக இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதுக்குள் கிளைவிட்டு மாறிவிடும். குடலிலும் இப்படி நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால் பி[11]-இன் வயதுக்கட்டுப்பாடு புரிகிறது. பறவைக்கும் மனிதனுக்கும் நடுவே சர்க்கரை போட்ட வேலியை மேலே பார்த்தோம். இங்கே அது கைக்குழந்தைக்கும் நடக்கும் குழந்தைக்கும் நடுவே நிற்கிறது.

இந்தச் சங்கிலியின் துண்டுகள் தாய்ப்பாலில் தனியாகவே மிதக்கின்றன. சளியில் உள்ள மியூசினைப் போல, பால் சர்க்கரைகளும் பொய்ச் செல்லாக நின்று வைரஸைத் திசைதிருப்பும் என்றுதான் எதிர்பார்ப்பு. வேலூர் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பெய்லர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது. சில பால் சர்க்கரைகள் இந்த வகை வைரஸ் செல்லைத் தொற்றுவதைக் கூட்டின. வயிற்று உபாதை வந்த குழந்தைகளின் தாய்மாரிடம் அந்தச் சர்க்கரைகள் அதிகமாகவும் இருந்தன.

இந்த பி[11] தலையை நம் நாட்டுக் குழந்தைகள் பலர் வாயாலேயே வாங்கியிருக்கிறார்கள். டெல்லியில் 1980-களில் பிறந்த குழந்தைகளிடம் நோய் எதுவும் உண்டாக்காமல் இருந்த 116இ என்ற வகைக்கும் இதே மாட்டுத் தலைதான். அதிலிருந்து உருவான சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்கும் சற்று மேலாகக் குறைத்தது. 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. 6, 10, 14 வாரங்களில் ஐந்து ஐந்து சொட்டு. பாலில் உள்ள பொருள்கள் சொட்டு மருந்தின் பலனைக் கெடுக்குமோ என்ற சந்தேகம் அதற்கு முன்பே எழுந்திருந்தது. டெல்லியில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குச் சொட்டுக்கு முன்னும் பின்னும் பால் நிறுத்தி, மற்றவர்களுக்கு நிறுத்தாமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் எதிர்ப்பு ஒரே அளவில்தான் வந்தது. எனவே சொட்டு மருந்துக்குக் கூட்டிப்போகும் அம்மா, வரிசையில் குழந்தை அழுதால் அங்கேயே பால் கொடுக்கலாம்.